மச்சான் கட்டிய வாட்சும் என் மூச்சும்

காற்று விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன். டயர் கடை நடத்துகிறேன். காற்று அடிப்பதுதான் என் தொழில்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், கடலுக்குள் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். எங்கள் இருவருக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். இப்போது தங்கையைக் கடையில் பயிற்சியாளராகச் சேர்த்துக்கொள்ள அவருக்கு ஆசை. அவளுக்கு அதைவிட ஆசை. எனக்கு வயிற்றெரிச்சல்.

“யாருக்கு மூச்சு ஜாஸ்தின்னு பாத்துடலாம்,” என்றேன். “தண்ணிக்குள்ள என்னைவிட அதிக நேரம் தாக்குப்பிடிச்சா, நீ வேலைக்குப் போ.”

“பேச்சு மாற மாட்டீங்களே?”

“டயர் கடைக்காரன் வாக்கு. பஞ்சரே ஆகாது.”

ஒத்திகைக்குப் போனோம். மச்சான் எங்கள் கையில் ஆளுக்கொரு தடிமனான வாட்ச் கட்டினார். டைவ் கம்ப்யூட்டராம். முதுகில் இருக்கும் தொட்டியில் காற்று இன்னும் எத்தனை நிமிஷம் வரும் என்று சொல்லுமாம்.

ஒரே அளவு தொட்டி. ஒரே ஆழம். என் வாட்ச் பதினாலு நிமிஷம் என்றது. அவளுடையது முப்பத்தைந்து என்றது.

எனக்குள் இருந்த போலீஸ்காரன் எழுந்து நின்றான்.

கரைக்கு வந்ததும், “மச்சான், இது எப்படிக் கணக்குப் போடுது?” என்றேன்.

“தொட்டியில காத்து எவ்வளவு வேகமாக் குறையுதுன்னு பாக்கும் மாப்ள. கடைசி ரெண்டு மூணு நிமிஷம் எப்படி இழுத்தீங்களோ, அப்படியே இழுத்தா எவ்வளவு நேரம் வரும்னு சொல்லும். மேல வர்றதுக்குன்னு கொஞ்சம் காத்தை ஒதுக்கி வெச்சுட்டு மிச்சத்துக்குத்தான் கணக்கு. ஆழமாப் போனா ஒவ்வொரு மூச்சுக்கும் செலவு கூடும்.”

“அப்ப அவளுக்கு மட்டும் ஏன் குறையல?”

“அவ நிதானமா மூச்சு விடறா. நீங்க தண்ணியோட குஸ்தி போடறீங்க.”

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெண்டு கண் பார்த்தால் பார்வை. நாலு கண் பார்த்துக்கொண்டால் சதி. வாட்சில் ஏதோ திருகி வைத்திருக்கிறார் மனுஷன்!

போட்டி நாள். படகில் இரண்டு வாட்சும் ஒரே டப்பாவில் இருந்தன. அச்சு அசல் ஒன்று போல. பின்பக்கம் மட்டும் துண்டு டேப். ஒன்றில் ‘மா’. மாப்பிள்ளை. இன்னொன்றில் ‘த’. தங்கை. நடுவில் ஓர் ஒற்றுப் போட்டுப் படித்தேன். ‘மாத்த’.

மாத்தினேன். டேப்பை உரித்து இதை அதில், அதை இதில். யாரும் பார்க்கவில்லை.

உள்ளே இறங்கினோம். என் கையில் முப்பது சொச்சம்! அப்படி வா வழிக்கு! மீனைத் துரத்தினேன். குட்டிக்கரணம் போட்டேன். முன்னால் போன மச்சானை முந்தினேன். வாட்ச் அசையவே இல்லை. மகராசன் மாதிரி முப்பதிலேயே நின்றது.

மனைவி தன் கை வாட்சையே பார்த்தபடி என் பக்கத்திலேயே வந்தாள். கொஞ்ச நேரத்தில் கட்டைவிரலை உயர்த்தினாள். தண்ணீருக்குள் அதற்கு ‘பிரமாதம்’ என்று அர்த்தமில்லை. ‘மேலே போகலாம்’.

எனக்குச் சந்தேகம். என்னை மேலே கிளப்பிவிட்டு இவள் மட்டும் உள்ளே இருக்கப் பார்க்கிறாளோ? முடியாது என்று தலையாட்டினேன். அவள் தன் வாட்சை என் கண்ணாடிக்கு முன்னால் நீட்டினாள்.

மூன்று!

பாவம், தோற்றுவிட்டாள். பெருந்தன்மையோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வந்தேன். மூச்சு வாங்கியது. வெற்றியில் நெஞ்சு விம்முகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

படகில் ஏறியதும் மச்சான் என் தொட்டியில் காற்றளக்கும் கேஜை வைத்துப் பார்த்தார். முகம் மாறியது.

“மாப்ள, உங்களுது அடியில ஒட்டிட்டு இருக்கு. தங்கச்சியோடதுல பாதிக்கு மேல இருக்கு.”

“என் கைல முப்பது காட்டுதே!”

“கைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. தொட்டியோட திருகியிருக்கே குட்டி டப்பா, அது அனுப்பறதைத்தான் காட்டும். எந்த டப்பாவோட ஜோடி சேத்தேனோ, அந்தத் தொட்டிக் கணக்கு. நீங்க பாத்தது அவ காத்து. அவ பாத்தது உங்க காத்து.”

திரும்பினேன். மனைவி சாவகாசமாகக் கூந்தலைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“கட்டும்போதே. ‘த’ தலைகீழா ஒட்டியிருந்துச்சு. அண்ணன் அப்படி ஒட்ட மாட்டார்.”

“அடிப்பாவி! சொல்லக் கூடாதா? என் உயிர் போயிருந்தா?”

“எப்படிங்க போகும்? உங்க காத்துக் கணக்கு என் கைலதானே இருந்துச்சு. சரி, மாத்தாம இருந்து, உங்க கைலயே மூணு நிமிஷம்னு காட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

யோசித்தேன். ‘மச்சான் சதி’ என்று உள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன்.

“பாத்தீங்களா? என் காத்து தீருதுன்னு நினைச்சாதான் நீங்க சந்தோஷமா மேல வருவீங்க.”

மச்சான் தொடையைத் தட்டினார். “அடம்பிடிக்கற ஆளைச் சிரிக்க வெச்சே மேல கூட்டிட்டு வந்துட்டா! இதுக்கு மேல என்ன தகுதி வேணும்?”

மறுநாளே அவள் வேலையில் சேர்ந்தாள். நானும் முறையாக முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்பது அவள் போட்ட ஒரே நிபந்தனை. ஒப்புக்கொண்டேன். அவள்தான் டீச்சர். முட்டளவுத் தண்ணீரில், குழந்தைகள் வகுப்பில், கடைசி வரிசை எனக்கு.