நமுத்த தாளும் என் தம்பியின் உயிரும்

உயிரோடு, தெம்பாக, ஆட்டுக்குக் குழை ஒடித்துக்கொண்டிருந்த தம்பியைத் தாளிலேயே சாகடித்த அக்கா இந்தச் சீமையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதையும் நாலு மூலையில் மஞ்சள் தடவி, வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டினேன்.

என் மகள் மலர்க்கொடியின் கல்யாணத்தின்போது நடந்தது இது. மலர் பெங்களூரில் லேசர் பிரிண்டர் வடிவமைக்கிற கம்பெனியில் இருக்கிறாள். முழு மிசினையும் அவள் செய்வதில்லை. (ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.) உள்ளே ஓர் உருளை சுற்றுமாம். கறுப்புப் பொடி முதலில் அதன்மேல் எழுத்தாக ஒட்டும். அப்புறம் தாளுக்குத் தாவும். அந்தத் தாவுகிற இடம்தான் என் மகள் பொறுப்பு. எந்த ஊர்க் காற்றிலும் பொடி மிச்சமில்லாமல் ஒரே சீராகத் தாவ வேண்டும். கடற்கரை ஈரத்தில் அது என்ன பாடு படுகிறது என்று பார்க்க, சோதனை மிசின் ஒன்றைக் கல்யாண லீவோடு வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டாள். திருப்புல்லாணிக்குக் கிழக்கே எங்கள் வீடு. ஐப்பசி பிறந்தால் ஜாடியில் உப்பு கசிந்து நிற்கும். மடித்து வைத்த சேலைகூட யாரோ உடுத்திக் களைந்த மாதிரி ஈரமாக இருக்கும்.

மகள் செய்த மிசின் நடுவீட்டில் இருக்க, பத்திரிகையைக் கடையில் அடித்தால் என் கௌரவம் என்னாவது? வீட்டிலேயே அடி என்று பிடிவாதம் பிடித்தேன். மாதிரி ஒன்று அடித்தாள், பளிச்சென்று வந்தது.

"மிச்சத்தை நான் அடிச்சுக்கிறேன்மா. மழை இறங்குனா இது குணம் மாறிரும். நீ தொட்டுறாத," என்றாள்.

பத்திரிகையில் மேலே இடப்பக்கம் காலமான என் வீட்டுக்காரரின் போட்டோ, அதன் கீழே "தெய்வத்திரு. காளிமுத்து" என்று பேர். அதற்கு ஒரு சாண் கீழே, "தாய்மாமன்" என்ற வரிக்கு அடியில், "திரு. சேதுராசு". அந்தச் சேதுராசுதான் என் தம்பி. பரமக்குடிக்கு அந்தப் பக்கம் வெள்ளாமை செய்கிறான். கோயில் கிடாவெட்டில் முதல் மரியாதை யாருக்கு என்று இவருக்கும் அவனுக்கும் வாய்ச்சண்டை வந்து, பேச்சு முறிந்து, அப்படியே இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். துட்டி வீட்டில்கூட அவன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டு உள்ளே வராமல் போனான். தாய்மாமன் இல்லாமல் என் மகள் மணவறை ஏறுவதா? அவனை எப்படியாவது கொண்டுவந்து நிறுத்திவிட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் கவலை.

மறுநாள் மலர் ரவிக்கை வாங்க இராமநாதபுரம் போனாள். உச்சிப்பொழுதில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடல் காற்று ஜன்னலைத் தள்ளித் திறந்து, அதன் அடியில் இருந்த தாள்கட்டைப் புரட்டிவிட்டுப் போனது. கரண்டு இருக்கும்போதே நாலு அடித்து வைப்போம் என்று, மலர் அமுக்கிய பொத்தானை நானும் அமுக்கினேன்.

மிசின் உறுமியது. முதல் தாள் சூடாக வந்தது. மேலே அவர் முகம். ஒரு சாண் கீழே, மங்கலாக, மறுபடியும் அவர் முகம். நனைந்த கண்ணாடிக்குப் பின்னால் வந்து நிற்கிற மாதிரி. அடுத்த தாளிலும் நின்றார். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம் தெளிந்தார். மேலே இருந்தவர் முறைத்துக்கொண்டிருந்தார், கீழே இருந்தவருக்கு வாயோரம் லேசாகச் சிரிப்பு.

கடைசியில் மிசின் தானாக ஒரு தாளை வெளியே தள்ளியது. அதில் எழுத்தில்லை, பூப்போட்ட ஓரமில்லை. அவர் மட்டும்.

"வந்துட்டீகளா?" என்றேன். மிசின் "ம்ம்ம்" என்று முனகி அடங்கியது.

வேறு யாராயிருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். நான் விவரமானவள் அல்லவா! மச்சினனோடு ராசியாக இவரே இறங்கி வந்திருக்கிறார் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். முகம் நன்றாகத் தெரிகிற தாளாகப் பார்த்துத் தம்பிக்கு ஒதுக்கினேன். எழுத்தை விரல் வைத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். மங்கலான எழுத்தையெல்லாம் யார் பார்த்தது?

விடிந்ததும் மலரிடம், கோயிலில் பத்திரிகை வைத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வழியில் பரமக்குடியில் பெரியம்மா மகள் அன்னலட்சுமிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தம்பி ஊருக்குப் பஸ் ஏறினேன். தம்பி என்னைப் பார்த்ததும் குழையைக் கீழே போட்டான். "வாக்கா" என்றான். அந்த ஒரு சொல்லுக்கே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையைப் பெருமையாகச் சத்தம் போட்டுப் படித்தான்.

"தாய்மாமன்... தெய்வத்... தெய்வத்திரு சேதுராசு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"ஏக்கா, நான் எப்பச் செத்தேன்?"

"என்னலே உளறுற?"

"இங்கன பாரு. என் பேருக்கு முன்னாடி தெய்வத்னு நிக்கிது. பின்னாடி மச்சான் நிக்கிறாரு."

அவன் பெண்டாட்டி பேச்சி எட்டிப் பார்த்துவிட்டு மார்பில் கை வைத்தாள். "மதினி, நீங்க பத்திரிகை வைக்க வந்தீகளா, பாடை கட்ட வந்தீகளா?"

சமாதானம் சொல்வதாக நினைத்துக்கொண்டு நான் சொன்னேன்: "பயப்படாதலே. ஒன்னையக் கூப்புடத்தான் அவரே வந்திருக்காரு!"

பக்கத்தில் கட்டியிருந்த ஆடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

தம்பி கட்டிலில் போய்த் தலையோடு காலாகப் போர்த்திப் படுத்தான். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "கல்யாணத்துக்கும் வரல, அவரோடயும் வரல. நீ கெளம்புக்கா."

வீட்டுக்கு வந்து சொன்னதும் மலர் தலையில் அடித்துக்கொண்டாள். தாள் நமுத்துவிட்டதாம், அப்பளம் மாதிரி. பொடியை உருளையிலிருந்து தாளுக்கு இழுக்கிற மின்சாரம் ஈரத்தில் கசிந்துவிட, பொடி முழுதும் தாவாமல் உருளையிலேயே கொஞ்சம் தங்கி, மறுசுற்றில் ஒரு சாண் கீழே வந்து ஒட்டியிருக்கிறது. மேலே இருந்த "தெய்வத்திரு" கீழே இருந்த "திரு"வின்மேல் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது, மங்கலான "காளிமுத்து" சேதுராசு என்ற பேருக்கு அடியில் அமுங்கிவிட்டது. அவர் முகம் மட்டும் வந்த அந்த வெறும் தாள், உருளையைத் துடைக்க மிசின் தானாக விடுகிற தாளாம்.

உடனே மாமாவுக்குப் போன் போட்டாள். "மாமா, அது பேய் இல்ல மாமா. எங்க ஆபீஸ்ல அதுக்குப் பேரு கோஸ்ட்டு."

"அப்ப இங்கிலீசுப் பேயா தாயி?" என்று போனை வைத்துவிட்டான்.

அன்று நான் சோறு தின்னவில்லை. செத்தவரோடு இருந்த சண்டையைத் தீர்க்கப் போய், இருக்கிறவனையும் இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இதற்கிடையில் அன்னலட்சுமி வீட்டில் பத்திரிகையைப் படித்திருக்கிறார்கள். சேதுராசு தெய்வத்திருவா? நமக்குத் தகவல் இல்லையே! மறுநாள் தூறலில் ஒரு வேன் பெண்கள் அவன் வாசலில் வந்து இறங்கினார்கள். உள்ளே கட்டிலில் மூடிப் படுத்த உருவம். கேட்கவா வேண்டும்? தலையை விரித்துப் போட்டுச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பேச்சி கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் ஒப்பாரி உச்சிக்குப் போய்விட்டது.

போர்வைக்குள் தன் சாவுக்குத் தானே காது கொடுத்துக் கிடந்திருக்கிறான். நிசமாகவே செத்துவிட்டோமோ என்று கையைக் கிள்ளிப் பார்த்தானாம். உறைக்கவில்லையாம். அப்போது அன்னலட்சுமி இழுத்துப் பாடினாள்: "கெடாவெட்டு மாலைக்கு ஆசப்பட்டு, அக்கா வாசல் மிதிக்காமப் போனியே என் ராசா..."

போர்வை எழுந்து உட்கார்ந்தது.

"எவடி சொன்னா, நான் ஆசப்பட்டேன்னு?"

வந்த பெண்களில் பாதிப் பேரை ஆட்டுக்கொட்டிலில்தான் தேடிப் பிடித்தார்களாம்.

அன்று சாயந்திரம் போன் வந்தது. "அக்கா, முகூர்த்தம் எத்தன மணிக்கு? நான் வாரேன். சனம் பூராம் அங்கனதான் வரும். நான் இருக்கேன்னு வேற எப்புடிக் காட்டுறது?"

வந்தான். மண்டப வாசலிலேயே நின்று, வருகிறவர்கள் கையையெல்லாம் பிடித்து அழுத்தி, "சூடு இருக்கா? பாத்துக்கங்க," என்றான். சில பேர் கையை உதறிக்கொண்டு ஓடினார்கள். பிறகு உள்ளே, இவர் போட்டோ முன்னால் தனியாகப் போய் நின்றான். "பத்திரிகை வந்துச்சு மச்சான்," என்று அவன் சொன்னது பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

மலர் இப்போது மிசினே ஈரத்தை மோந்து பார்த்து இழுப்பைக் கூட்டிக்கொள்கிற மாதிரி மாற்றிவிட்டாளாம். அந்த வெறும் தாளை ஆபீசுக்கு வேண்டுமென்று கேட்டாள். நான் கொடுக்கவில்லை. வாயோரச் சிரிப்புக்குக் காரணம் கேட்டால், பொடி சரியாக ஒட்டாததுதான் என்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

தம்பிக்கு வீட்டிலும் ஊரிலும் இப்போது தெய்வத்திரு மாமா என்றுதான் பேர். அவனுக்கும் அது பிடித்துப்போய்விட்டது. போன் அடித்தால் எடுத்து, "தெய்வத்திரு சேதுராசு பேசுறேன். அங்க யாரு?" என்கிறான். பழகாதவர்கள் பேசாமல் வைத்துவிடுகிறார்கள்.