பேப்பர்ல இவ்வளவுதான் இருக்கு

காதால் கேட்டே வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இசையை எழுதக் கற்றுக்கொண்டால், உலகத்தில் ஒரு புது இனம் பிறக்கிறது. அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் ஒரு பென்சில், காதில் இன்னொரு பென்சில், கண்ணில் நேற்றுத்தான் ஞானம் பெற்றவரின் இரக்கம். இரக்கம் நம் மேல்தான்.

எங்கள் கிளேர் மாவட்டத்து ஃபின்டனையே பாருங்கள். பால் லாரி ஓட்டுகிறவர். முப்பது வருஷமாகப் பிடில் வாசிப்பவர். மாலை வகுப்பில் ஆறு வாரம் உட்கார்ந்தார், அவ்வளவுதான்: கெட்டில் விசிலடித்தால் எழுதினார், கொட்டகைக் கதவு கிறீச்சிட்டால் எழுதினார், பசு கத்தினால் இன்னொரு முறை கத்தச் சொன்னார், மதுக்கடையில் எல்லோரும் கூடி வாசிக்கும் செவ்வாய்க்கிழமை, கான்செர்டினா என்னும் கைத்துருத்திப் பெட்டி வாசிக்கும் நோனியை நடுப்பாட்டில் நிறுத்தினார்.

"போன வாரம் இந்த இடத்தை வேற மாதிரி வாசிச்சீங்களே, எது சரி?"

"ரெண்டும்தான்."

"ரெண்டு எப்படிச் சரியாகும்?"

"அப்ப மூணாவதா ஒண்ணு வாசிக்கிறேன். வாயை மூடிட்டு எழுதிக்கோ."

ஃபின்டனுக்கும் பிரீடாவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை, ஊர் மண்டபத்தில் எட்டுப் பேர் சதுரமாக நின்று ஆடும் ஆட்டம். காதலித்த நாளில் பிரீடாவுக்காக அவர் கட்டிய மெட்டு ஒன்று உண்டு. அது இல்லாமல் ஒரு கல்யாண நாளும் கழிந்ததில்லை. அதை எழுதி, எதிரே வைத்து, பார்த்து வாசித்து அவளை அசத்த வேண்டும். பாவம், ஆறு வாரப் பாடும் இதற்காகத்தான்.

வாசித்தார். எழுதியதில் இம்மி பிசகவில்லை. ஆனால் எங்கள் மெட்டுகளில் ஒவ்வொரு பாதியும் இரண்டு தடவை வரவேண்டும். அதைக் காட்ட, பாதி முடிகிற இடத்தில் இரண்டு குட்டிப் புள்ளி வைக்கவேண்டும். ஃபின்டன் வைக்கவில்லை. அவர் கைக்கு அது தெரியும், காகிதத்துக்கு யார் சொல்வது? ஒவ்வொரு பாதியும் ஒரே தடவையோடு முடிந்துபோனது. மெட்டை நம்பிய நாலு பேரும் பழகிய காலை நம்பிய நாலு பேரும் நட்டநடுவில் முட்டிக்கொண்டார்கள். கசாப்புக்கடைக்காரர் பிரீடாவின் காலை மிதித்தார்.

"ஃபின்டன், என் பாட்டுல பாதி எங்க?"

"பேப்பர்ல இவ்வளவுதான் இருக்கு. நீங்கதான் தப்பா ஆடுறீங்க."

"இருபத்தஞ்சு வருஷமாவா?"

காகிதத்தைக் கவிழ்த்துவிட்டு வாசிக்கப் பார்த்தார். விரல் இருந்தது, வில் இருந்தது, மெட்டைக் காணோம். அவளுக்காகக் கட்டியதைத் தானே தொலைத்துவிட்டு, பிடிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரீடா நொண்டிக்கொண்டே வந்து, அவர் காதருகே குனிந்து, மெட்டை வாயாலேயே பாடினாள். ஃபின்டன் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டாம் தடவை வில் சேர்ந்துகொண்டது. மூன்றாம் தடவை எட்டுப் பேரும் தரை அதிர ஆடினார்கள், நொண்டியவள் உட்பட.

ஆடி முடித்து, வேர்த்து விறுவிறுத்து வந்த மனைவியிடம் ஃபின்டன் கிசுகிசுத்தார்:

"நடுவுல ஒரு சுழிப்பு போட்டியே, அது நான் கட்டினதுல இல்ல. ரொம்ப அழகு. இன்னொரு தடவை பாடேன்."

பென்சில் ஏற்கெனவே கையில்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். இன்று காலை ஜன்னலோரம் நின்று, எதிரே மழை கொட்டக் கொட்ட, மழை வருமா என்று கைபேசியில் பார்த்தது யார்? வெயில் என்று போட்டிருந்ததை நம்பிக் குடையில்லாமல் கிளம்பியது யார்? ஃபின்டனுக்காவது காதருகே வந்து பாட ஒரு பிரீடா இருந்தாள். உங்களுக்கு?