அஞ்சு ஸ்பீக்கரா, பதினொண்ணா?

இந்தத் தடவை மனைவி இந்துமதியிடம் அனுமதியே கேட்பதில்லை என்று தங்கதுரை முடிவு செய்தான். "வாங்கலாமா?" என்று கேட்டால்தானே "வேண்டாம்" என்று பதில் வரும்? "இதுவா, அதுவா?" என்று கேட்டால் எப்படி வரும்? நல்லூரில் பனியன் கம்பெனி நடத்துகிறவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா? சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் வந்தால், விற்க வேண்டிய சாம்பிளுக்குப் பக்கத்தில் கண்ணைக் குத்துகிற மாதிரி இன்னொன்றை வைப்பான். பையர் அதைத் தள்ளிவிட்டு இதை எடுப்பார்.

எல்லாம் பெருமாநல்லூர் சகலை மருதாசலத்தால் வந்தது. அவர் வீட்டு ஹோம் தியேட்டரில் மழை பெய்தபோது தங்கதுரை கர்சீப்பை எடுத்துத் தலையைத் துடைத்துக்கொண்டான். அன்றிலிருந்து தன் வீட்டு டிவி அவன் காதுக்குத் தகர டப்பா.

தெரிந்த கடைக்காரர் அருள்செல்வன். "பாத்துட்டுப் பிடிச்சதை வச்சுக்கறனுங்க" என்று அவரிடம் சொல்லி, இரண்டு ரிசீவர்களைக் கம்பெனியின் குட்டியானை லோடு வண்டியில் ஏற்றி வந்தான். டிவியின் சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. ஒன்று அஞ்சு ஸ்பீக்கருக்கு, அடக்கமானது. மற்றது பதினொன்றுக்கு, பீரோவைப் படுக்கவைத்த மாதிரி. சின்னதுதான் அவன் குறி. பெரியது சும்மா பூச்சாண்டி.

"ரிசீவருன்னா என்னங்க?" என்றாள் இந்துமதி.

"வாங்கிக்கறது."

"ஊட்ல அதுக்குத்தான் நீங்க இருக்கறீங்களே."

தங்கதுரை இரண்டு பெட்டிகளையும் அவள் பக்கம் திருப்பி வைத்தான். "இதுவா, அதுவா? நீயே சொல்லு."

அவள் நிதானமாக இரண்டையும் சுற்றி வந்தாள். "பெருசே இருக்கட்டுங்க."

பூச்சாண்டியையே மாப்பிள்ளை ஆக்கிவிட்டாளே.

"அது வேண்டாம் இந்து. பதினொரு ஸ்பீக்கர் எதுக்கு? மனுசனுக்கு ரெண்டு காதுதான?"

"அதுஞ் சரிதானுங்க."

"ஹால் பூரா ஒயர் ஓடும். கூட்டறதுக்கு உனக்குத்தான் கஷ்டம்."

"ஆமாங்க."

"கரண்டு இழுக்கும். சத்தத்துக்குப் பக்கத்து ஊட்டு தெய்வாத்தாக்கா சண்டைக்கு வரும்."

"வருமுங்க. பொறவு?"

அந்தப் "பொறவு" அவனுக்குக் குளுகுளுவென்று இருந்தது. "நாம ஒக்காந்து படம் பாக்கறதே எப்பவோ ஒருக்கா. ஷிப்மென்ட் நேரத்துல நான் ஊட்டுப் பக்கமே வர்றதில்ல. அதுக்குப் போய் இது எதுக்கு?"

இந்துமதி தலையாட்டினாள். "நல்லாச் சொன்னீங்க. மனுசனுக்கு ரெண்டு காது. டிவியிலயும் ரெண்டு ஸ்பீக்கர். கணக்காத்தான் வச்சிருக்கறாங்க."

"இல்ல, சின்னது..."

"சின்னதுக்கும் ஒயர் உண்டுங்களா?"

"உண்டு."

"கரண்டு?"

"கொஞ்சமா."

"சின்னதை வாங்குனா ஷிப்மென்ட் நேரத்துல ஊட்டுக்கு வந்துருவீங்களா?"

தங்கதுரை ஒரு நல்ல பதிலைத் தேடினான். கையிலிருந்த நல்ல பதில்களையெல்லாம் பெரிய பெட்டியைத் திட்டியே தீர்த்திருந்தான்.

"நானா இருந்தா ஏமாந்திருப்பனுங்க. உங்களால தப்பிச்சோம்" என்று சொல்லி, அவனுக்குக் காபி கொடுத்தாள்.

குடித்துவிட்டு, சாயங்காலம் அவனே இரண்டையும் வண்டியில் ஏற்றினான். கடைக்காரரிடம் சொல்ல வழியெல்லாம் ஒரு பொய் தயார் செய்தான். "சவுண்டுல ஒரு திருப்தி இல்லீங்க" என்று அதை ஆரம்பித்தபோது, அருள்செல்வன் பெட்டிகளை இறக்கிவிட்டு, பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை அதே வண்டிக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குங்க?"

"உங்களுக்குத்தானுங்க. காலைல நீங்க இங்கிருந்து கெளம்புனதும், ரெண்டு பெட்டி வருது, எடம் பண்ணி வைங்கன்னு உங்க ஊட்டு அக்காவுக்குப் போன் போட்டனுங்க. அவங்கதான், சாயங்காலம் ரெண்டும் திரும்பி வரும், வண்டியைக் காலியா அனுப்பாம இந்த மெஷினை ஏத்தி உடுங்கன்னாங்க."