உபரி எடை ஒழிப்பு நடவடிக்கை

பள்ளிப் பிள்ளைகளில் நாலில் ஒருவர் அளவுக்கு மீறி எடை போட்டிருப்பது மேலிடத்தின் மேலான கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது. உரிய நடவடிக்கை எடுத்து அறிக்கை அனுப்புமாறு சுற்றறிக்கையும் வந்தது. நானூறு பேர் படிக்கும் ஒரு பள்ளியில் நூற்றுப் பன்னிரண்டு பேர் இந்தக் கணக்கில் சிக்கினார்கள்.

அதைப் படித்து சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் உடற்பயிற்சி ஆசிரியர்தான். ஆறு வருஷமாக அவருடைய பாடவேளைகளைக் கணக்கு டீச்சர்தான் எடுத்துக்கொண்டிருந்தார். விசில் மேசை டிராயரில் துருப்பிடித்துக் கிடந்தது. அதே பள்ளியில் பத்தாவது படிக்கும் அவர் மகளே, "அப்பா, நீங்க ஸ்கூல்ல என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டுவிட்டாள். பாவம், மனுஷனுக்கு அது சுருக்கென்று தைத்தது.

தலைமையாசிரியையிடம் ஓடினார்.

"மேடம், வாரத்துக்கு ரெண்டு பீரியட் திருப்பிக் குடுங்க. புள்ளைங்களை ஓட விடுறேன். எடை தானா இறங்கும்."

"ஓடுறதெல்லாம் அப்புறம் சார். முதல்ல எடை பாக்கணும்னு போட்டிருக்கு. அதுக்கு எடுத்துக்கோங்க ரெண்டு பீரியட்."

வாராவாரம் எடை பார்த்தார்கள். தங்கள் முறை வரும்வரை பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள். உடற்பயிற்சியின் நன்மைகள் பற்றி உட்கார்ந்தபடியே கட்டுரையும் எழுதினார்கள். முதல் பரிசு ஒரு பெட்டி சாக்லேட். இரண்டே மாதத்தில் நூற்றுப் பன்னிரண்டு நூற்று முப்பது ஆனது.

அதிகாரி நேரில் வந்தார். வண்டியை மைதானத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, பதிவேட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"எடையை உயரத்தோட சேர்த்துத்தானே பாக்குறீங்க?"

"ஆமாங்க," என்றார் ஆசிரியர்.

"எடையைக் குறைக்கிறது கஷ்டம். உயரத்தைக் கூட்டிருங்க."

"அது எப்படிங்க?"

"ஷூவோட அளங்க."

அளந்தார்கள். எடை பார்க்கும்போது மட்டும் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். ஒரே வெள்ளிக்கிழமையில் நாற்பது பேர் இளைத்தார்கள். பள்ளிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அந்த மகிழ்ச்சியில் மேடத்தின் மனசும் இளகியது. "சரி சார், ரெண்டு பீரியடும் இனி உங்களுக்கே. கணக்குக்குப் பதிலா விளையாட விடலாமான்னு பெத்தவங்ககிட்ட மட்டும் எழுதி வாங்கிருவோம்."

வீட்டுக்கு வீடு படிவம் போயிற்று. ஆசிரியர் விசிலைத் தேய்தேயென்று தேய்த்துப் பளபளப்பாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை மேடம் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் படிவங்கள் குவிந்திருந்தன.

"ஒருத்தர்கூட சம்மதிக்கலை சார். கணக்கே நடக்கட்டுமாம்."

அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன பெத்தவங்க மேடம் இவங்க! புள்ளைங்க மேல கொஞ்சமாவது அக்கறை இருக்கா?"

மேடம் ஒரு படிவத்தை உருவி நீட்டினார். அடியில் ஆசிரியரின் கையெழுத்து.

"அது வந்து... என் பொண்ணு பத்தாவது மேடம். பரீட்சை வருது. மத்த புள்ளைங்க ஓடட்டும்னு நெனச்சேன்."

"எல்லாரும் அதையேதான் சார் எழுதியிருக்காங்க," என்றார் மேடம்.