மணிவிழாப் பதக்கத்தில் திரும்பிய கை

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே சந்தோஷத்தைச் செதுக்கத் தெரியாத ஒரே ஆசாமி, எங்கள் அச்சகத்துக்கு எதிரே பட்டறை வைத்திருந்த 'அழுமூஞ்சி மெடல்'தான். பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்துக்கு அவர் செய்த பதக்கத்தில் ஓடுகிற பையன், இழவு சொல்லப் போகிறவன் மாதிரி இருப்பான். கபடியில் ஜெயித்தவனும் அழுதுகொண்டுதான் நிற்பான்.

"கொஞ்சம் சிரிக்க விடுங்களேன்" என்றால், "சிரிச்ச மூஞ்சிய நான் எங்க சார் பாத்தேன், செதுக்கறதுக்கு?" என்பார். மனைவியைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். அதற்குமேல் கேலி செய்ய எங்களுக்கு வாய் வராது.

ஆட்சி மாறியும் வயல்களில் கூலித் தகராறு ஓயாத காலம் அது. கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரின் ஆட்கள் அடித்ததில் ஒரு விவசாயக் கூலி செத்துப்போனார். கேஸ் நடக்கும்போதே மிராசுதாருக்கு மணிவிழா. விருந்தாளிகளுக்கு வெள்ளி முலாம் பூசிய பதக்கம் கொடுக்க நம் மெடல்காரரிடம் ஆர்டர்; ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் அழுகிற விதவைக்கு அவர் அரிசி அள்ளிப் போடுகிற காட்சி. மேடையிலும் செத்தவரின் மனைவி அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு சமாதானம், கேஸும் கிடையாது.

முகத்தைப் பார்த்து வரைய மெடல்காரர் அந்த அம்மாளிடம் போனார்.

"வாங்கலேன்னா குடிசையக் காலி பண்ணச் சொல்லுவாங்கய்யா. வாங்கினா அவரு சாவுக்கு நானே சம்மதிச்ச மாதிரி ஆயிடும்" என்றாளாம்.

திரும்பி வந்தவர் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தார். மாதிரிப் பதக்கத்தில் மிராசுதார் தன் மீசையை மட்டும் பார்த்துவிட்டு, பேஷ் என்று அனுப்பிவிட்டார்.

அழைப்பிதழ் அச்சடித்தவன் என்ற முறையில் நானும் விருந்துக்குப் போயிருந்தேன். பதக்கத்தைப் பிரித்த சம்பந்தியம்மாள் அலறினாள்:

"அடப்பாவி! அரிசி போடற கையப் பாருங்க! பொணத்துக்குப் போடற மாதிரில்ல திருப்பி வச்சிருக்கான்!"

எங்கள் பக்கத்தில் கையைப் புறமாகத் திருப்பி அரிசி போடுவது வாய்க்கரிசிக்கு மட்டும்தான். நல்ல நாளும் அதுவுமாக அபசகுனம்! அதற்குப் பிறகு மிராசுதார் அரிசி மூட்டை பக்கமே போகவில்லை. மேடையோரம் நின்ற அந்த அம்மாள், வாங்காமலே வீடு திரும்பினாள். மறுத்தாள் என்று யாரும் சொல்ல முடியாததால் குடிசை தப்பியது. கேஸ் நடந்தது, ஜெயிக்கத்தான் இல்லை.

மிராசுதாரின் ஆட்கள் வந்து பட்டறையை நொறுக்கினார்கள்.

"உமக்கு ஏன்யா இந்த வேலை?" என்றேன்.

"அந்தாளு குடுக்கற அரிசி அதுதான சார்" என்றார், உடைந்த அச்சுகளைப் பொறுக்கிக்கொண்டே.

பிறகு பதக்கம் கேட்டு ஒருவரும் வரவில்லை. வருஷம் திரும்புவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்தார். வாய்க்கரிசி போட என் முறை வந்தது. கையைத் திருப்ப எனக்கு மனசு வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பரிமாறுகிற மாதிரி, நேராகவே போட்டேன்.