ஆணியில் தொங்கும் தொப்பி

கடலூர் முதுநகரில் பஸ்ஸை விட்டு இறங்கிய அப்துல் ஹக் மூன்றாவது முறையாகத் தலையைத் தடவிப் பார்த்தார். முடி இருந்தது, அதுவும் கொஞ்சம்தான். தொப்பி இல்லை.

புவனகிரிப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும்போது கழற்றி வைத்தாரா, பஸ்ஸில் தூங்கும்போது ஜன்னல் வழியாகப் பறந்ததா, ஒன்றும் நினைவில்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் தங்கள் நிக்காஹுக்காக மனைவி நஸீமா தன் கையால் பின்னிய வெள்ளைக் குரோஷா தொப்பி அது. ஓரத்தில் இலைப்பச்சை நூலில் சின்னச் சின்னச் சிப்பிகள் போட்டிருப்பாள்.

வேறு யாராவது என்றால் தொலைந்தது என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஹக்கால் முடியாது. துறைமுகத்தில் படகு எஞ்சின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு அவர்தான் ஸ்டோர் கீப்பர். ஒரு வாஷரைக்கூடத் தொலைத்ததில்லை என்ற பெருமையை வீட்டுக்கும் எடுத்துவருவார். போன வாரம் நஸீமா தன் ஆதார் கார்டைக் காணாமல் தேடியபோது, அடுத்த மாதம் நிக்காஹ் வைத்திருக்கும் மகள் அஸ்மத்தின் முன்னாலேயே கத்தினார்.

"பொருளோட அருமை தெரியுமா ஒனக்கு? நீ பின்னுன தொப்பி இருபத்திரெண்டு வருஷமா அதே ஆணியில தொங்குது பாரு! பிச்சாவரம் படகுல வுட்டுட்டேன்னு ஒரு தடவ நானே பயந்தேன். ரெண்டு நாள் கழிச்சிப் பாத்தா ஆணியில தொங்குது. என் கை அப்படி. தூக்கத்துலகூட எடத்துல வெச்சிடும்."

நஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அன்று மாலை கார்டு ஹக்கின் சட்டைப் பையிலேயே கிடைத்தது. ஜெராக்ஸ் எடுக்க அவரே வாங்கிப் போயிருந்தார். சத்தமில்லாமல் அலமாரியில் வைத்துவிட்டார்.

இப்போது வீட்டுக்குள் நுழைந்ததும் நஸீமா கேட்டாள்.

"தொப்பி எங்க மச்சான்?"

"ட்ரை க்ளீனிங் குடுத்திருக்கேன். நிக்காஹ் வருதுல்ல."

"தொப்பிக்கா?"

"இப்பல்லாம் குடுக்குறாங்க."

நஸீமா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். காலி ஆணியையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் கடலூரில் கடைகடையாக ஏறி இறங்கினார். எல்லாம் மெஷின் தொப்பி. பின்னித் தரச் சொல்லலாம் என்றால் ஊரில் நூல் கடைக்காரர்கள் அத்தனை பேரும் தெரிந்தவர்கள். மதியம் லுஹர் தொழுகையில் சொன்னது சாயங்காலம் அஸருக்குள் நஸீமா காதுக்குப் போய்விடும். சிதம்பரம்தான் தோது. நஸீமா பல் டாக்டரைப் பார்க்க அடிக்கடி போவாளே தவிர, அங்கே இவர்களைத் தெரிந்தவர் யாருமில்லை.

மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் மலர்க்கொடியின் நூல் கடை இருந்தது.

"பின்னித் தர்றதில்ல பாய். ஞாயித்துக்கெழம கிளாஸ் எடுக்கறேன், வேணும்னா வந்து கத்துக்குங்க. யாருக்குத் தொப்பி?"

"பேரனுக்கும்மா. நான் புவனகிரி."

மகளுக்கு நிக்காஹே ஆகவில்லை, பேரன் வந்துவிட்டான். வீட்டில் கம்ப்யூட்டர் கிளாஸ் என்று சொல்லி வைத்தார்.

முதல் தொப்பி எலுமிச்சம்பழத்துக்குப் பொருந்தியது. கண்ணியைக் கூட்டச் சொன்னாள் மலர்க்கொடி. இரண்டாவது பாவாடை ஃப்ரில் மாதிரி சுருண்டு நின்றது. குறைக்கச் சொன்னாள்; குறைத்தும் மூன்றாவது, கடையிலிருந்த தண்ணீர்க் குடத்துக்குத்தான் மூடியாயிற்று.

வீட்டில் வேறு விதமாக மாட்டிக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு நீங்க இருக்கும்போது நிக்காஹ் பத்திரிகைய ஏன் அத்தா வெளிய குடுக்கணும்?" என்றாள் அஸ்மத்.

அவரே செய்தார். மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்துல் ஹக் என்று வந்தது. மேல்பட்டாம்பாக்கத்து மாப்பிள்ளை வீட்டார் போன் போட்டு விசாரித்தார்கள்.

நான்காவது தொப்பியில் பதினோராவது சுற்றில் தப்பு வந்தது. மேலே மேலே பின்னிச் சமாளிக்கப் பார்த்தார்.

"அது மறையாது பாய்," என்றாள் மலர்க்கொடி. "தப்பு எங்க ஆரம்பிச்சிதோ, அதுவரைக்கும் பிரிச்சாவணும்."

பஸ்ஸில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டே வந்தார். ஒரு நாள் முழுக்கப் போட்டது ஒரு நிமிடத்தில் வெறும் நூலானது. ஆதார் கார்டு நினைவுக்கு வந்தது. தப்பு அன்றைக்கு ஆரம்பித்ததல்ல, அதற்கும் எத்தனையோ வருடம் முந்தியது என்று தோன்றியது. இவ்வளவு கண்ணியையும் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டவளைப் பார்த்தா, 'பொருளோட அருமை தெரியுமா' என்று கேட்டோம் என்று வெட்கமாக இருந்தது. அழுகையே வந்துவிட்டது. முதுநகரில் இறங்க மறந்து பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டார்.

மறுநாள் நஸீமா மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று தேடினாள். ஹக் ஃப்ரிட்ஜின் மேலிருந்து எடுத்து, துடைத்து, கையில் கொடுத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை.

"ஒடம்பு சரியில்லியா மச்சான்?" நஸீமா பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தொப்பியை முடித்து, அதை அவள் கையில் கொடுத்து, தொலைத்ததையும் கார்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது தொப்பி அவர் தலைக்குச் சரியாக உட்கார்ந்தது. ஓரம்தான் பாக்கி. தன் நிக்காஹ் போட்டோவில் தொப்பியை மட்டும் போனில் பெரிதாக்கிக் காட்டினார்.

"இதே மாதிரி பச்சைச் சிப்பி போடணும்மா."

மலர்க்கொடி பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இந்த பார்டரா! கடலூர் அக்கா ஒருத்தங்க இத ஒம்போது தடவ பின்னிட்டாங்க பாய். வூட்டுல பல் டாக்டருக்குன்னு சொல்லிட்டு இங்கதான் நூல் வாங்க வருவாங்க."

"ஒம்போதா?" ஹக்கின் கையிலிருந்து ஊசி விழுந்தது.

"வூட்டுக்காரரு எங்கியாவது தொப்பிய வுட்டுட்டு வந்துடுவாராம். தொலச்சதே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாருன்னு, அக்கா ரெண்டே நாள்ல பின்னி அதே ஆணியில மாட்டிடுவாங்க."

ஹக் போனை மெல்ல அணைத்தார். மலர்க்கொடி குனிந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தத் தடவதான் சிக்கல் பாய். பத்தாவது தொப்பி ரெடியாயி மூணு வாரமாவுது. அந்த மனுஷன் ட்ரை க்ளீனிங் குடுத்திருக்கேன்னு பொய் சொல்லிட்டதால, எப்படி ஆணியில மாட்டறதுன்னு தெரியாம அக்கா பையிலயே வெச்சிக்கிட்டு அலையிறாங்க!"