சும்மா இருக்கிறவர்கள்

சிங்கப்பூரில் சும்மா இருக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. சிரிக்காதீர்கள். தானாக நகரும் படிக்கட்டிலும் ஏறி ஓடுகிற இந்த ஊரில் சும்மா இருப்பது யார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒருவரும் இல்லை. நான் சொல்லும் ஆட்களும் சும்மா இருப்பவர்கள் அல்லர். சும்மா இருப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நடைபாதையில் போகிறவர் கண்ணில் வெளிச்சம் படக் கூடாது என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு, விழுந்து விழுந்து படிக்கிறவர்கள்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். பரீட்சைக்கு முதல் நாள் கேளுங்கள், ஊர் வழக்கப்படி வாலில் ஒரு லா ஒட்டி, "புக்கையே திறக்கல லா, செத்தேன்" என்பார்கள். எழுதிவிட்டு வந்ததும் கேளுங்கள், "போச்சு லா, எல்லாம் போச்சு" என்பார்கள். முடிவு வந்து முதலாவதாகத் தேறிய பிறகு கேளுங்கள், "எப்படின்னே தெரியல" என்பார்கள். திறக்காத புத்தகம் எப்படி ஓரமெல்லாம் நைந்து முதுகில் டேப் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்பார்கள். அவ்வளவு அன்பு அப்போதுதான் வரும்.

பிள்ளைகள் தாமாகவா கற்றுக்கொண்டார்கள்? தேக்கா சந்தைக் கீரைக்கடை முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். "மகன் என்னம்மா பண்றான்?" என்று ஒருத்தி கேட்பாள். "அவனா? சும்மாதான் இருக்கான். தூக்கம், கேம், திரும்பத் தூக்கம்" என்பாள் மற்றவள். வாய் இதைச் சொல்லும்போதே கை வல்லாரைக் கட்டுகளாகப் பார்த்துப் பார்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கும். தூங்குகிற பிள்ளைக்கு ஞாபக சக்தி எதற்கு? கனவை மறக்காமல் இருக்கவா?

கோயிலிலும் இதே கதை. அர்ச்சனைத் தட்டை நீட்டி மகன் பெயரும் நட்சத்திரமும் சொல்வாள். என்ன வேண்டுதல் என்று குருக்கள் கேட்டால், பின்னால் வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, "பொதுவா, குடும்ப நலத்துக்கு" என்பாள். அம்மனே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறர் முந்திவிடுவார்களோ என்ற பயத்துக்கு இந்த ஊரில் எல்லோரும் சேர்ந்து கியாசு என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். நம்மவர்களுக்கு அதோடு கண்ணேறு பயமும் உண்டு. முதல் பயம் ஓடு என்கிறது. இரண்டாவது பயம் ஓடுவதைக் காட்டாதே என்கிறது. பாவம், நம் பிள்ளைகள் உட்கார்ந்தபடியே ஓடப் பழகிவிட்டார்கள்.

வெளியில் தேட வேண்டாம், தெம்பனிஸில் என் வீட்டிலேயே ஒன்று வளர்கிறது. என் பேரன் பிரேம். வளர்க்கிறவள் என் மருமகள் மாலினி. இருவரும் தங்கமானவர்கள். அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன்.

பல்கலைக்கழகத்தில் வருடாவருடம் கோடை வகுப்பு வைக்கிறார்கள். வருடம் முழுவதும் ஒரே மாதிரி வேர்க்கிற ஊரில் கோடையைத் தனியாகக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர்தான். போகட்டும். அறிவியலும் பொறியியலும் படிக்கப்போகும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் முன்பே அடிப்படையைச் சொல்லிக்கொடுக்கிற வகுப்பு இது. பிரிட்ஜிங் கிளாஸ் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஜூனியர் காலேஜில் ஃபிசிக்ஸ் எடுக்காதவர்கள், இரண்டு வருடம் கட்டாய ராணுவ சேவையில் துப்பாக்கியைத் துடைத்துக் கணக்கை மறந்தவர்கள், இப்படிப் பின்தங்கியவர்களுக்காக வைத்தது. அருமையான ஏற்பாடு. ஆனால் பின்தங்கியவர்களுக்கு என்று ஒன்றை வைத்தால் அங்கே முதலில் வந்து இடம்பிடிப்பது யார்? முந்தியவர்கள்தான்.

அந்த வகுப்பு நிஜமாகவே வேண்டியிருந்தது எதிர்வீட்டு ருக்கையாவின் மகள் நஸீஹாவுக்கு. உயிரியல் எடுத்துப் படித்தவள் பொறியியலுக்கு இடம் வாங்கிவிட்டாள், ஃபிசிக்ஸ் தொட்டதில்லை. வகுப்பு முடிவில் ஒரு பரீட்சை. அதில் தேறினால் ஆகஸ்டில் மற்றவர்களோடு உட்காரலாம். தேறாவிட்டால் முக்கியப் பாடங்கள் எல்லாம் அடுத்த வருடத்துக்குப் போய்விடும், பட்டமும் ஒரு வருடம் தள்ளிப்போகும். தகப்பன் இல்லாத வீட்டில், ஒற்றை ஆளாகத் தையல் மிஷினை மிதித்துப் படிக்கவைக்கிற ருக்கையாவுக்கு ஒரு வருடம் என்பது சின்ன விஷயமா?

ஒருநாள் சாயங்காலம் நஸீஹா எங்கள் வாசலில் நின்று பிரேமிடம் கேட்டாள்.

"பிரேம், பிரிட்ஜிங் கிளாசுக்குப் பேர் கொடுத்துட்டியா?"

"ஐயோ, யார் போவா? வேஸ்ட் லா. எல்லாம் யூடியூப்ல இருக்கு. நான் ஃபேமிலியோட மலாக்கா போறேன்."

"அருண்ராஜ்?"

"அவன் மாமா கடையில வேலைக்குப் போறான். சுஷ்மிதா ஆகஸ்ட் வரைக்கும் தூங்கப் போறாளாம். ஹாலிடே லா, ரிலாக்ஸ் பண்ணு."

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த எனக்குக் குடும்பத்தோடு மலாக்கா போகிற செய்தி அப்போதுதான் தெரிந்தது. பிரேமுக்கு ஃபிசிக்ஸில் ஏ கிரேடு. அந்த வகுப்புக்குப் பதிவு திறந்த அன்று காலையிலேயே, மாலினி சாமி விளக்கை ஏற்றி முடிப்பதற்குள் பெயர் கொடுத்துவிட்டவன் அவன்.

அவள் போனதும் பிடித்துக்கொண்டேன். "ஏன்டா, அந்தப் புள்ளகிட்ட அப்படிச் சொன்னே?"

"நான் பொய் சொல்லல பாட்டி. வேஸ்ட்னு சொன்னேன். எனக்கு வேஸ்ட்தானே?"

"அப்ப நீ ஏன் போறே?"

"மத்தவங்க போயிட்டா?"

எதிர்வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பினேன். மாலினி குறுக்கே வந்து நின்றாள். "அத்தை, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறேன், வெளியில வாயைத் திறக்காதீங்க. கண் பட்டுடும்." சரி, வாயைத் திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாயைத்தான்.

நஸீஹா நல்ல பெண். அதாவது, சொன்னதை நம்புகிறவள். கடைத்தொகுதியில் ஒரு குளிர்பானக் கடையில் விடுமுறை வேலைக்குச் சேர ஒப்புக்கொண்டாள். பதிவு முடிகிற நாளும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் பிரேமுக்குத் தன் கால்குலேட்டர் நஸீஹாவிடம் இருப்பது ஞாபகம் வந்தது. எப்போதோ இரவல் கொடுத்தது. அம்மா, நீ போய் வாங்கி வா என்றான் மாலினியிடம். கொடுத்தவன் எவனோ அவனே போய்க் கேட்கட்டும் என்று நான் நாற்காலியைத் தூக்கி வாசலில் போட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் உட்கார்ந்தால் சுலபத்தில் எழுந்திருக்க மாட்டேன். பிரேமே இடுக்கில் நுழைந்து போனான்.

கதவைத் திறந்தவள் ருக்கையா.

"ஆண்டி, என் கால்குலேட்டர் நஸீஹாகிட்ட இருக்கு."

"லீவுல எதுக்குத் தம்பி?"

"மலாக்காவுக்கு ஆண்டி."

"மலாக்காவுக்குக் கால்குலேட்டரா?"

"மலேசியா ரிங்கிட் மாத்தணும்ல?"

ருக்கையா உள்ளே போய் அதை எடுத்து வந்தாள். உள்ளங்கை நிறைய பொத்தான்களோடு, வளைகோடெல்லாம் வரைந்து காட்டுகிற சாமான். அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "ரிங்கிட் இப்ப இவ்வளவு சிக்கலாவா போயிடுச்சு?" என்றாள். பிரேம் வாங்கிக்கொண்டு திரும்பினான். ருக்கையா அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தேன்.

"நஸீஹா! லேப்டாப்பை எடு புள்ள!" என்ற சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. இருந்த கடைசி சில இடங்களில் ஒன்று அவளுக்குக் கிடைத்தது.

முதல் நாள் நடந்ததை நஸீஹா ருக்கையாவிடம் சொல்லி, ருக்கையா என்னிடம் சொல்லி, நான் உங்களிடம் சொல்கிறேன். கை மாறியதில் கொஞ்சம் மசாலா சேர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய அரங்கம். உள்ளே ஏசி போட்டு ஊட்டி மாதிரி வைத்திருந்தார்களாம். மூன்றாவது வரிசையில் ஸ்வெட்டருக்குள் பிரேம். அவனுக்குப் பின்னால், மாமா கடையில் வேலை பார்க்க வேண்டிய அருண்ராஜ். ஓரத்தில், ஆகஸ்ட் வரை தூங்க வேண்டிய சுஷ்மிதா, கண்ணுக்கு மை போட்டு முழு விழிப்பில். வேஸ்ட் என்று ஒருவருக்கொருவர் சத்தியம் செய்துகொண்ட அத்தனை பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் வந்து, லேப்டாப் மூடிக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தார்களாம்.

நஸீஹா நேராக பிரேமிடம் போய், "மலாக்கா எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"குளிருது" என்றான் அவன்.

வேடிக்கை அதோடு முடிந்தது. பாடம் எடுக்க வந்த அம்மையார், ஃபிசிக்ஸே படிக்காதவர்கள் கை தூக்குங்கள் என்றார். இந்த இனம் தெரியும் என்றும் கை தூக்காது, தெரியாது என்றும் கை தூக்காது. அரங்கத்தில் ஒரு கைகூட எழவில்லை. அதைப் பார்த்து நஸீஹாவுக்கும் பயம். அவள் கையும் மடியிலேயே இருந்துவிட்டது. மிகவும் சந்தோஷம் என்று அந்த அம்மையார் முதல் பாடத்தைத் தாண்டி ஓட ஆரம்பித்தார்.

பக்கத்தில் இருப்பவர்களிடம் கேட்டாள். "உனக்குப் புரிஞ்சுதா?" "எங்கே லா, நானும் பிளாங்க்தான்" என்பார்கள். மறுநிமிடம் அம்மையார் கேள்வி கேட்டால் அந்த பிளாங்க்தான் முணுமுணுவென்று விடையைச் சரியாகச் சொல்லும். சொல்லித்தரவும் மாட்டார்கள். சொல்லித்தந்தால் தெரியும் என்று தெரிந்துவிடுமே!

மூன்று நாள் கழித்து ருக்கையா வீட்டில் அழுகைச் சத்தம். "உம்மா, எனக்கு மட்டும்தான் ஒண்ணும் தெரியல. நான் கடைக்கே வேலைக்குப் போறேன்." ருக்கையா தையல் மிஷினை நிறுத்தவே இல்லையாம். "தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டு வா. அதுக்கப்புறம் கடைக்குப் போ" என்றாளாம்.

மறுநாள் நஸீஹா அரங்கத்தில் எழுந்து நின்றாள். எனக்கு முதல் பாடமே தெரியாது, அதிலிருந்து சொல்லித்தாருங்கள் என்று கேட்டாள். அத்தனை தலையும் திரும்பியது. வேறு யாருக்காவது தெரியாதா என்று அம்மையார் கேட்டார். பிறகு அருண்ராஜ் கை மெல்ல எழுந்தது. அவனைப் பார்த்து இன்னொன்று. அப்புறம் பாதி அரங்கம். ராணுவத்திலிருந்து வந்த பையன்கள் எல்லாவற்றையும் நிஜமாகவே மறந்துபோயிருந்தார்கள்! பிரேமும் தூக்கினானாம். மறந்துதான் தூக்கினானா, ஊரோடு சேர்ந்து தூக்கினானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இந்த இனத்தின் சாபமே அதுதான். உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் கிடைப்பதில்லை.

பாடம் முதலிலிருந்து தொடங்கியது. பரீட்சையும் வந்தது, போனது.

முடிவு வந்த அன்று நானும் மாலினியும் சிராங்கூன் சாலையிலிருந்து வீடு திரும்பினோம். மாலினியின் பைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல் துணி, துணிக்கு மேல் முருங்கைக்கீரை. மின்தூக்கிக் கதவு மூடப்போகும்போது ருக்கையாவும் நஸீஹாவும் ஓடி வந்து ஏறினார்கள். ருக்கையாவின் கையிலும் ஒரு பை, அதன் வாயை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சின்ன இடத்தில் நெய் வாசனை இரண்டு பக்கமிருந்தும் வந்தது. நால்வரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "டெஸ்ட் என்னாச்சு புள்ள?" என்றேன்.

எழுந்து நின்று தெரியாது என்று சொன்ன பெண். அரங்கத்தையே கை தூக்க வைத்த பெண். மாலினியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ஏதோ பாட்டி... சும்மா எழுதினேன். எப்படிப் பாஸ் ஆச்சுன்னே தெரியல."

ருக்கையா பெருமையாக மகளைப் பார்த்தாள். மாலினி அதைவிடப் பெருமையாகப் பார்த்தாள், தன் பிள்ளையையே பார்ப்பது போல.

நீங்கள் சிரித்தது போதும். பிள்ளை என்ன செய்கிறான் என்று போன வாரம் யாரோ கேட்டார்களே, நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? சரி, அதை விடுங்கள். இவ்வளவு நேரம் ஒரு வரி விடாமல் படித்தீர்கள். நாளைக்கு ஒருவர் வந்து, அதைப் படித்தீர்களா என்று கேட்பார். "எங்கே நேரம், சும்மா புரட்டிப் பார்த்தேன்" என்றுதானே சொல்லப்போகிறீர்கள்?